நூறு பேர் காத்த கோயில்: சிங்கப்பூர் ஆர்மீனியத் தேவாலயத்தின் கதை

சிங்கப்பூரில் இன்று நிற்கும் தேவாலயங்களில் ஆகப் பழையது எது என்று கேட்டால், பெரும்பாலோர் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைச் சொல்வார்கள். நகரின் நடுவே, பெரிய திடலில், வெள்ளை வெளேரென்று உயர்ந்து நிற்கும் ஆலயம் அது. ஆங்கிலேயர் ஆண்ட ஊரில் ஆங்கிலேயர் கோயில்தானே முதலில் வந்திருக்கும் என்று நினைப்பதும் இயல்பு.

சரியான விடை அங்கிருந்து சில நிமிட நடையில், ஹில் ஸ்திரீட்டில் இருக்கிறது. நம்மவர்களுக்கு அடையாளம் சொல்வதென்றால், ஃபோர்ட் கேனிங் குன்றின் ஒரு பக்கத்தில் தைப்பூசக் காவடிகள் போய்ச் சேரும் டேங்க் ரோடு முருகன் கோயில் உள்ளது. அதே குன்றின் மறுபக்க அடிவாரத்தில், மரங்களுக்கு நடுவே, ஒரு சிறிய வெள்ளைத் தேவாலயம். பெயர், ஒளியூட்டுநர் புனித கிரகோரி ஆர்மீனியத் திருத்தூதர் தேவாலயம். கட்டத் தொடங்கிய ஆண்டு 1835.

அதைக் கட்டியவர்கள் அன்று ஏறத்தாழ பன்னிரண்டு குடும்பங்கள்தான். அதன் பிறகு வந்த நூறாண்டில், அச்சமூகம் செழிப்பின் உச்சியில் இருந்தபோதுகூட, நூறு பேர் அளவிலேயே நின்றது. ஒரு தோட்டத்தின் ஒரு லயத்தில் குடியிருந்த நம் மக்களின் எண்ணிக்கைதான் அது. இத்தனை சிறிய கூட்டத்தின் கோயில் இருநூறு ஆண்டுகளை நெருங்கி நிற்பது எப்படி என்பது, கோயிலும் தேவாலயமும் சூராவும் வைத்துக் காக்க நினைக்கும் எந்தச் சிறுபான்மைக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

யார் இந்த ஆர்மீனியர்?

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாடு ஆர்மீனியா. கி.பி. 301-இல் கிறிஸ்துவத்தை அரச சமயமாக ஏற்ற நாடு என்று அவர்களின் மரபு சொல்கிறது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு தாங்களே என்பது அவர்களுடைய பெருமை. மன்னனை மதம் மாற்றியவர் கிரகோரி. அதற்கு முன் அதே மன்னன் அவரைப் பாதாளக் குழியில் பல்லாண்டு அடைத்து வைத்திருந்தான் என்பது கதை. அவர் பெயரில்தான் சிங்கப்பூர்த் தேவாலயம் உள்ளது.

கி.பி. 405 வாக்கில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி இவர்களுக்குத் தனி எழுத்தை உருவாக்கினார். பாரசீகரும் அரபியரும் துருக்கியரும் மாறி மாறி ஆண்டபோதும் அந்த எழுத்தையும் திருச்சபையையும் அவர்கள் விடவில்லை. ரோமுக்கும் கட்டுப்படாத, இங்கிலாந்துக்கும் கட்டுப்படாத தனித் திருச்சபை அது. கிறிஸ்து பிறப்பையும் அவர்கள் ஜனவரி 6-ஆம் தேதி கொண்டாடுகிறார்கள்.

1600-களின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஆர்மீனியர்களை ஆயிரக்கணக்கில் பெயர்த்துக் கொண்டுபோய்த் தம் தலைநகரான இஸ்பஹான் அருகே குடியமர்த்தினார். நியூ ஜூல்ஃபா என்ற அந்தக் குடியிருப்பு பட்டு வணிகத்தில் கொழித்தது. அங்கிருந்து புறப்பட்ட வணிகர்கள் சூரத், சென்னை, கல்கத்தா, டாக்கா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், ஜாவா என்று துறைமுகம் துறைமுகமாகப் பரவினார்கள். போன இடமெல்லாம் சிறு கூட்டம், சொந்தமாக ஒரு கடை, கூடவே ஒரு தேவாலயம்.

சென்னையில் 'அரண்மனைக்காரன்' ஆன கதை

சென்னை பாரிமுனையில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு உண்டு. தமிழில் அதற்கு வழங்கும் பெயர் அரண்மனைக்காரன் தெரு. அந்தத் தெருவில் எந்த அரண்மனையும் இல்லை. 'ஆர்மீனியன்' என்ற ஒலி தமிழ்க் காதில் விழுந்து, நமக்குப் பொருள் தரும் சொல்லாகத் திரிந்து 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது. மொழி படித்தவர்களுக்கு இப்படிப்பட்ட திரிபுகள் தேனாக இனிக்கும். தெரியாத மக்களையும் தெரிந்த சொல்லுக்குள் வைத்துத்தானே நாம் அழைத்துப் பழகியிருக்கிறோம்!

அந்தத் தெருவில் 1772-இல் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் இருக்கிறது. ஆறு பெரிய மணிகள் தொங்கும் தனி மணிக்கூண்டும் அதில் உண்டு. இன்று சென்னையில் ஆர்மீனியர் என்று சொல்ல ஆளில்லை. கல்கத்தா ஆர்மீனியச் சமூகம்தான் அதைப் பராமரிக்கிறது.

கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே தம் செலவில் மார்மலாங் பாலத்தைக் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறும் நூற்றுக்கும் மேற்பட்ட படிகளும் அவர் கொடைதான். அந்தப் பழைய பாலம் இருந்த இடத்தில் இப்போதுள்ள பாலத்தின் பெயர் மறைமலை அடிகள் பாலம்.

இன்னொன்று, நாளிதழ் வாசிப்பவர்களுக்கு. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் வெளிவந்த ஊர் ஆர்மீனியாவில் இல்லை. 'அஸ்தரார்' என்ற அந்த இதழை 1794-இல் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் சென்னையில் அச்சிட்டார். அவருடைய கல்லறையும் அரண்மனைக்காரன் தெருத் தேவாலயத்தில்தான் இருக்கிறது.

ஆக, ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஆர்மீனியரும் தமிழரும் ஒரே ஊரில் கடை போட்டவர்கள். வங்காள விரிகுடாவைக் கடந்து இந்தப் பக்கம் வந்த வழியும் இருவருக்கும் ஒன்றுதான்.

5,058 வெள்ளி

சிங்கப்பூரில் குடியேறிய முதல் ஆர்மீனிய வணிகராக அறியப்படும் அரிஸ்டார்க்கஸ் மோசஸ் 1820-இல் வந்தார். அடுத்தடுத்து உறவினர்களும் ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்தனர். 1827-இல் அவர்களுக்கென்று ஒரு பாதிரியார் வந்துவிட்டார். கோயில் வருவதற்கு முன்பே குரு வந்தாயிற்று. சில ஆண்டுகள் வாடகை இடத்தில் வழிபாடு நடந்தது.

1834-இல் குன்றின் அடிவாரத்தில் அரசு நிலம் கொடுத்தது. 1835 ஜனவரி 1-ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். 1836 மார்ச் 26-ஆம் தேதி தேவாலயம் அர்ச்சிக்கப்பட்டது.

மொத்தச் செலவு 5,058 ஸ்பானிய வெள்ளி. அக்காலத்தில் இந்த வட்டாரத்தில் புழங்கியது ஸ்பானிய வெள்ளிக்காசுதான். ஏறக்குறைய பாதித் தொகையைச் சிங்கப்பூர் ஆர்மீனியரே போட்டனர். மீதியில் பெரும்பங்கு ஜாவாவிலும் இந்தியாவிலும் இருந்த ஆர்மீனியரிடமிருந்து வந்தது. உள்ளூர் ஐரோப்பியரும் சீனரும்கூடச் சிறு தொகை கொடுத்திருக்கிறார்கள். நம் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அடுத்த தெருச் சீனக் கடைக்காரர் ஆங்பாவ் தருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

சரி, ஆங்கிலேயரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ன ஆயிற்று? அதன் முதல் கட்டடமும் 1830-களில் எழுந்ததுதான். ஆனால், இருமுறை இடி விழுந்து சேதமானதால் 1855-இல் அதை இடித்தார்கள். இப்போதுள்ள பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் சுவர்ப்பூச்சுக்கு 'சென்னைச் சுண்ணாம்பு' என்றே பெயர். சங்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கருப்பட்டியும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்த பூச்சு அது. அந்த வெண்மையைப் பார்க்கும்போது அதன் பின்னால் நம் ஊர்க் கைப்பக்குவமும், பெயர் தெரியாத கைதிகளின் உழைப்பும் இருப்பதை மறக்க முடியாது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

கோல்மன் கட்டிய வட்டம்

ஆர்மீனியத் தேவாலயத்தை வடிவமைத்தவர் ஜார்ஜ் ட்ரம்கூல் கோல்மன். அயர்லாந்துக்காரர். சிங்கப்பூரின் பொதுப்பணிக் கண்காணிப்பாளராக இருந்தவர். இந்தியக் கைதிகளைக் கொண்டு நார்த் பிரிட்ஜ் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு போன்ற சாலைகளை அமைத்தவரும் அவரே. தேவாலயத்தின் பக்கத்துத் தெருவே கோல்மன் ஸ்திரீட்தான். பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முதல் வடிவம் உட்பட அவர் கைப்பட்டவை ஊரில் பல உண்டு. இருந்தாலும் அவருடைய ஆகச் சிறந்த வேலை இந்தச் சிறிய கோயில் என்று கட்டடக்கலை அறிந்தவர்கள் பலர் சொல்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். நான்கு பக்கமும் தூண்கள் தாங்கும் முகப்பு மண்டபம். மழையில் நனையாமல் குதிரை வண்டியை நேரே மண்டபத்துக்குள் ஓட்டி வந்து இறங்கலாம், அவ்வளவு அகலம். உள்ளே போனால்தான் தெரியும், வழிபாட்டு அறை வட்டமானது. நீளமான கூடத்தில் பின்வரிசை, முன்வரிசை என்று அமரும் வழக்கமான அமைப்பு இதில் இல்லை. பன்னிரண்டு குடும்பம் உட்கார்ந்தாலும் வெறிச்சோடித் தெரியாத வட்டம் அது. கோல்மன் அதை நினைத்துத்தான் அப்படிக் கட்டினாரா என்று சொல்ல முடியாது. உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடி பலகைச் சட்டம் வைத்த உயர்ந்த சன்னல்கள். இருக்கைகளில் பிரம்புப் பின்னல். பலிபீடத்தின் மேல் இறுதி இராவுணவு ஓவியம். மற்றபடி அலங்காரம் குறைவு.

கூரைதான் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. கோல்மன் முதலில் வைத்தது குவிமாடமும் அதன் மேல் மணிக்கூண்டும். கட்டுமானம் அதைத் தாங்காது என்ற அச்சத்தில் 1847-இல் அதை எடுத்துவிட்டுச் சதுரக் கூண்டு வைத்தனர். அதுவும் பிடிக்கவில்லை போலும். 1853-இல் ஜார்ஜ் மேடோக் என்பவரைக் கொண்டு இப்போதுள்ள கூர்கோபுரத்தை எழுப்பினர். கிழக்கு மண்டபமும் அப்போது சேர்ந்ததுதான். கோல்மன் அதைப் பார்க்கவில்லை, 1844-இலேயே இறந்துவிட்டார். ஆக, பதினெட்டு ஆண்டுக்குள் மூன்று தலை மாறிய கட்டடம் இது. 'பழமை மாறாமல்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கூரை ஒழுகும்போது மாற்றத் துணிந்ததால்தான் இந்தப் பழமை மிஞ்சியிருக்கிறது.

பாதிரியார் தங்கும் இல்லம் 1905-இல் கட்டப்பட்டது. கணவர் ஜான் ஷனசார் சார்க்கீஸ் நினைவாக அவர் மனைவி நானாஜான் கொடுத்த கொடை அது. 1909-இல் தேவாலயத்துக்கு மின்விளக்கு வந்தது. சிங்கப்பூர்த் தேவாலயங்களில் மின்சாரம் முதலில் எரிந்தது இங்கேதான்.

நாளிதழ், ஹோட்டல், தேசிய மலர்

நூறு பேர் கொண்ட சமூகம் ஊருக்கு என்ன செய்துவிட முடியும்? பட்டியல் பெரிது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

1845 ஜூலை 15-ஆம் தேதி 'தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' முதல் இதழ் வந்தது. அதைத் தொடங்கியவர் காட்சிக் மோசஸ் என்ற ஆர்மீனிய வணிகர். நொடித்துப்போன இன்னோர் ஆர்மீனியரிடம் இருந்த அச்சு இயந்திரத்தை வாங்கிக்கொண்டு அவர் இதில் இறங்கியதாகக் கூறப்படுகிறது. ராபர்ட் கார் உட்ஸ் என்ற ஆங்கிலேயரை ஆசிரியராக வைத்தார். அடுத்த ஆண்டே இதழ் உட்ஸின் கைக்குப் போய்விட்டது. பத்திரிகை நடத்துவது அப்போதும் லாபமான தொழிலாக இருந்ததில்லை என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

அடுத்தது சார்க்கீஸ் சகோதரர்கள். மார்ட்டின், திக்ரான், அவியட், அர்ஷாக் என நால்வர். 1880-களின் நடுவில் பினாங்கில் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஹோட்டலைத் தொடங்கினர். 1887-இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டல். 1901-இல் ரங்கூனில் ஸ்ட்ராண்ட் ஹோட்டல். மூன்றும் இன்றும் அதே பெயரில் நடக்கின்றன. ஆனால், சார்க்கீஸ் நிறுவனம் 1931-இல் திவாலாகிவிட்டது. ரப்பர் விலை விழுந்து தோட்டத்துக்குத் தோட்டம் ஆள்குறைப்பு நடந்து, நம் மக்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட அதே மந்தக் காலம்.

மூன்றாவது ஒரு பூ. ஆக்னஸ் ஜோக்கிம் 1854-இல் சிங்கப்பூரில் பிறந்தவர், ஆர்மீனியப் பெயர் அஷ்கென். இரண்டு வகை வாண்டா ஆர்கிட்களை இணைத்து அவர் உருவாக்கிய கலப்பினத்தைத் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி 1893-இல் உலகுக்கு அறிவித்தார். ரப்பர் கன்றை மலாயாவெங்கும் பரப்பிய அதே ரிட்லிதான். 1899-இல் மலர்க் கண்காட்சியில் பரிசு வாங்கிய சில மாதங்களில் ஆக்னஸ் இறந்தார். வயது 45. 1981-இல் அந்த 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' சிங்கப்பூரின் தேசிய மலரானது.

இந்தப் பூவுக்கும் ஒரு வழக்கு உண்டு. தோட்டத்து மூங்கில் புதரில் தானாக முளைத்திருந்ததை அவர் தற்செயலாகக் கண்டெடுத்தார் என்று ஒரு கதை பல பத்தாண்டுகள் புழங்கியது. அவரே திட்டமிட்டு ஒட்டுச் சேர்த்தார் என்று ரிட்லி எழுதிவைத்திருந்தும் கதைக்குத்தான் மதிப்பு இருந்தது. மலேசிய, சிங்கப்பூர் ஆர்மீனியர் வரலாற்றை எழுதிய நாடியா ரைட் போன்றவர்கள் ஆவணங்களோடு விடாமல் வாதாடிய பிறகே அந்தப் பெருமை ஆக்னஸுக்குத் திரும்பியது. ஒரு பெண், அதிலும் சிறுபான்மைப் பெண், அறிவால் ஒன்றைச் செய்தார் என்பதைவிட அதிர்ஷ்டத்தால் கண்டெடுத்தார் என்று நம்புவது பலருக்கு எளிதாக இருந்திருக்கிறது.

ஆள் குறைந்தபோது

1930-களின் பொருளாதார மந்தம் வணிகக் குடும்பங்களைச் சாய்த்தது. பிறகு ஜப்பானியர் வந்தனர். பிரிட்டிஷ் குடிமக்களாக இருந்த ஆர்மீனியர் சிறைமுகாமில் அடைக்கப்பட்டனர். போர் முடிந்ததும் இளையவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போகத் தொடங்கினார்கள். கலப்புத் திருமணங்களும் பெருகின. 1930-களின் பிற்பகுதிக்குப் பிறகு தேவாலயத்துக்கு நிரந்தரப் பாதிரியாரே இல்லை. ஒரு காலக்கட்டத்தில் மிஞ்சியவர்கள் முதியோர் சிலர்தான்.

இங்கேதான் கதை வழக்கமாக முடியும். நகரின் மையத்தில் பொன் விளையும் நிலம். கும்பிட ஆளில்லாத கோயில். எதிர்காலத்தில் அங்கே என்ன எழும்பும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

அப்படி நடக்காததற்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, நிலம் எந்தத் தனியாரின் பெயரிலும் இல்லை. 1834-இல் தேவாலயத்துக்கென்றே பெற்ற நிலம் அறங்காவலர்கள் வழியாகக் கைமாறி வந்தது. ஐந்தாறு பேர் மிஞ்சினாலும் பொறுப்புக்கு ஆள் இருந்தது, கணக்கும் இருந்தது. இரண்டாவது காரணம், சட்டம். சிங்கப்பூர் 1971-இல் நினைவுச்சின்னங்கள் பாதுகாப்பு வாரியத்தை அமைத்தது. 1973-இல் முதல் தொகுதியாக எட்டுக் கட்டடங்கள் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அந்த எட்டில் ஒன்று இது.

அதே எட்டில் இன்னொன்று, நாராயண பிள்ளை 1827-இல் தொடங்கிய சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில். தியான் ஹொக் கெங் சீனக் கோயிலும் ஹாஜா ஃபாத்திமா பள்ளிவாசலும் செயின்ட் ஆண்ட்ரூஸும் உடன் இருந்தன. பக்தர் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்திருந்தால் ஆர்மீனியர் அந்த வரிசையில் நின்றிருக்கவே முடியாது.

பினாங்கில் பெயர் மட்டும்

இதே ஆர்மீனியர், இதே புனிதர் பெயரில், சிங்கப்பூருக்கு முன்பே நம் பினாங்கில் ஒரு தேவாலயம் கட்டியிருந்தார்கள். ஜார்ஜ்டவுன் பிஷப் ஸ்திரீட்டில் அது 1824-இல் அர்ச்சிக்கப்பட்டது. சிங்கப்பூர்க் கட்டடத்தைவிடப் பன்னிரண்டு ஆண்டு மூத்தது. பினாங்கு ஆர்மீனியர் குறைந்தனர், கட்டடம் பழுதடைந்தது, 1909-இல் இடிக்கப்பட்டது. சிங்கப்பூர்க் கோயிலில் மின்விளக்கு எரிந்த அதே ஆண்டு.

2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமானது. லெபோ ஆர்மீனியன் இன்று பினாங்கில் கூட்டம் அலைமோதும் தெரு. சுவரோவியத்தின் முன் படம் எடுக்க வரிசை நிற்கிறது. அந்தப் பெயருக்குரியவர்களின் கோயில் மட்டும் அந்த நகரத்தில் இல்லை. நம் நாட்டில் தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்தது 2005-இல். 1909-இல் இடித்ததை அது மீட்டுத் தர முடியாது.

பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இருந்த ஆர்மீனியத் தேவாலயமும் 1960-களில் இடிக்கப்பட்டது. அந்த இடம் இந்தோனேசிய மத்திய வங்கி வளாகத்துக்குப் போனது. ரங்கூனிலும் டாக்காவிலும் அவர்களின் பழைய தேவாலயங்கள் இன்னும் நிற்கின்றன.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. 1950-களிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையும் வீடும் போனது. துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தப் பின்னணியில்தான். அதற்குப் பிறகு மேம்பாட்டாளர்கள் வந்தனர். மாரியம்மன் கோயிலும் முனியாண்டி மேடையும், மாதம் ஒருமுறை பாதிரியார் வந்து பூசை வைத்த அந்தோணியார் சிற்றாலயமும் எல்லாமே கம்பெனி நிலத்தில் நின்றவை. மானேஜர் வாய்வார்த்தையாகக் கொடுத்த அனுமதிக்குக் காகிதம் கிடையாது. ஆர்மீனியரிடம் இருந்து நம்மிடம் இல்லாமல் போனது பக்தியோ பணமோ என்று நான் நினைக்கவில்லை, அந்தக் காகிதம்தான்.

தோட்டத்துக் கோயில்களில் பழைய கணக்குப் புத்தகம், திருவிழா நோட்டீஸ், உபயக்காரர் பெயர் வெட்டிய கல், தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடு, மயானத்தில் பெயரும் தேதியும் உள்ள கல்லறைகள் இருந்தால் அவற்றைப் படம் எடுத்து வைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது. இங்கே வாழ்ந்த ஆர்மீனியரின் வரலாற்றைப் பின்னால் எழுத முடிந்ததே இப்படிப்பட்ட பதிவேடுகளும் கல்லறை எழுத்துகளும் இருந்ததால்தான்.

தோட்டத்தில் நிற்கும் கற்கள்

1991-இல் ஆர்மீனியா தனி நாடானது. அதன் பிறகு வேலைக்கும் தொழிலுக்கும் புதிய ஆர்மீனியர் சிங்கப்பூர் வரத் தொடங்கினர். பழைய குடும்பங்களின் வாரிசுகளும் புதியவர்களும் சேர்ந்து மறுபடி ஒரு சிறு சமூகமாக ஆகியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பாதிரியார் வரும்போது வழிபாடு நடக்கிறது. பாதிரியார் இல்லத்தில் அவர்களின் வரலாற்றைச் சொல்லும் சிறு காட்சிக்கூடமும் உண்டு.

முகவரி, ஹில் ஸ்திரீட் எண் 60. சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். தேவாலயத்தை ஒட்டிய நினைவுத் தோட்டத்தில் பழைய கல்லறைக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்களில் யாரும் முதலில் இங்கே புதைக்கப்பட்டவர்கள் அல்லர். நகரின் பழைய மயானங்களை அப்புறப்படுத்தியபோது, எஞ்சிய ஆர்மீனியர்கள் தங்கள் முன்னோரின் கற்களை எடுத்து வந்து கோயில் தோட்டத்தில் வைத்தார்கள். பல கற்களில் ஆங்கிலத்தோடு ஆர்மீனிய எழுத்தும் உண்டு.

ஆக்னஸ் ஜோக்கிமின் கல்லறைக் கல்லும் அங்கேதான் உள்ளது, புக்கிட் தீமா மயானத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. போகிறவர்கள் தோட்டத்தில் அவர் பூவையும் தேடிப் பாருங்கள். கம்பத்தில் கட்டிவிட்டால் வெயிலைத் தாங்கி ஆண்டு முழுவதும் பூக்கும் வகை அது.